புல்லுக்குள் போன ஜங்ஷன்

ரயில் ஓடத் தொடங்கிய நாள் முதலாக, லாலான் புல்லுக்குள் காணாமல் போன தண்டவாளத்தைக் காட்டி "இங்கே இறங்கி வண்டி மாறுங்கள்" என்று கூவிய ஸ்டேஷன் மாஸ்டர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவரை இறைவன் எங்கள் ஊருக்குக் கொடுத்தான். அவருக்குப் பெயர் ஜங்ஷன் மாஸ்டர். அது நாங்கள் வைத்த பெயர்தான். அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று கேட்கும் தைரியம் எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் இருந்ததில்லை.

எங்கள் ஸ்டேஷன் ஈப்போவுக்குத் தெற்கே, சில மைல் தள்ளி இருந்தது. பெயரைச் சொல்லலாம். சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. மெயில் வண்டிக்கே தெரியாது. கல்யாண வீட்டில் பழைய சண்டைக்காரனைப் பார்த்த சம்பந்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். நின்று போவது காலையில் ஒரு லோக்கல், மாலையில் ஒரு லோக்கல். ஒரு பிளாட்பாரம், தகரக் கூரை, ஒரு பெஞ்சு, பார்சல் நிறுக்க ஒரு தராசு. பிளாட்பாரம் முடிகிற இடத்தில் கைகாட்டி மரம், அதன் அடியில் எங்கள் முனியாண்டி சாமி. எழுபதுகளின் கடைசியில் இதுதான் எங்கள் ஸ்டேஷன். ஸ்டேஷன் என்று நான் எழுதுவது மாஸ்டர் காதில் விழக்கூடாது.

"ஸ்டேஷன் இல்லைத் தம்பி, ஜங்ஷன்!" என்பார். "ஒரு காலத்தில ஈயம் போனது இஞ்சையிருந்துதான். ரப்பர் போனதும் இஞ்சையிருந்துதான். ஈப்போ எண்ட பட்டணமே எங்கட சைடிங்காலதான் வளந்தது. உமக்கு விளங்குதோ?"

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, தொப்பிக்குக் கீழே மூன்று கோடு திருநீறு. அவர் சொன்ன சைடிங் ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்ததுதான். பெரிய தண்டவாளத்திலிருந்து பிரிந்து எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலைக்கும் அதற்கப்பால் ஈயம் தோண்டும் லம்பத்துக்கும் போனது. பிறகு லம்பம் குளமாயிற்று. ஆலையின் கூரையைக் காற்று கொண்டு போயிற்று. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். சைடிங் புல்லுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அதன் கடைசி முனையில் பக்கத்து வீட்டுக்காரர் மாடு கட்டினார். ஆனால் சைடிங்கை மூடிவிட்டோம் என்று மேலிடம் மாஸ்டருக்குச் சொல்லவே இல்லையாம்.

"மூடினதெண்டு சொல்லேல்லை. அப்ப திறந்திருக்கெண்டுதானே அர்த்தம்?"

ஆகவே ஒவ்வொரு லோக்கல் வரும்போதும் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் கூவுவார்: "ஜங்ஷன்! ஜங்ஷன்! ரப்பர் ஆலைக்குப் போறவை இறங்கி வண்டி மாறுங்கோ!" ஒரு தடவை வெளியூர் இன்சூரன்ஸ் ஏஜெண்டு ஒருவர் இதை நம்பி இறங்கிவிட்டார். கழுத்துப் பட்டையோடு புல் ஓரத்தில் நெடுநேரம் நின்றார். கடைசியில் என்னிடம் வந்து, "அண்ணே, அந்த வண்டி எப்ப வரும்?" என்று கேட்டார்.

"வண்டி வராது அண்ணே. சாயங்காலம் மாடு வரும்," என்றேன்.

என்னைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஈப்போவில் ஒரு பலகை மில்லில் வேலை. முனியாண்டி கோயில் கமிட்டிக்குச் செயலாளர். அந்தப் பதவி கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காகக் கிடைத்தது. மூளைக்காகக் கிடைத்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது. நினைக்க மாட்டீர்கள், கதையை முழுக்கப் படித்தால்.

ஜங்ஷன் என்றால் முதல் வகுப்புக்குத் தனி அறை வேண்டும் அல்லவா? மாஸ்டர் ஒரு மூலையில் பிரம்பு நாற்காலி ஒன்றைப் போட்டு, சுற்றிக் கயிறு கட்டி வைத்திருந்தார். எங்கள் ஊரில் முதல் வகுப்பில் போகிறவர் எவரும் பிறக்கவில்லை. ஆனாலும் தினமும் அதைத் தூசி தட்டுவார். ஒரு சஷ்டி விரதத்தின்போது வெறும் வயிற்றோடு வந்த எனக்குத் தலை சுற்றியது. கயிற்றைத் தாண்டி அந்த நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

"எழும்பும்! உம்மட டிக்கெட் எந்த வகுப்பு?"

"மூணாவது, மாஸ்டர். மயக்கமா வருது..."

"அப்ப மயக்கத்தையும் மூண்டாம் வகுப்பு பெஞ்சில போய்ப் போடும்!"

நானும் மரியாதையாக எழுந்து, பெஞ்சுவரை நடந்து போய், அங்கே ஒழுங்காக மயங்கி விழுந்தேன். கண் திறந்தபோது மாஸ்டர் தம்முடைய தொப்பியால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். விரதம் என்று நான் முனகியதும் அவர் முகம் மாறிவிட்டது. "சஷ்டியெண்டு முதலே சொல்லக் கூடாதோ? முருகன்ர ஆக்கள் எந்த வகுப்பிலயும் இருக்கலாம். எழும்பும், கதிரையில போய் இரும்!" அவருக்குத் திருப்தியாக இருக்கட்டும் என்று திரும்பவும் நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். மயக்கத்தைவிட நடைதான் என்னைக் கொன்றது.

இன்னொரு வருஷம் முனியாண்டி பூசைக்குக் கிடா வாங்கினோம். தாப்பா பக்கம் இருந்த என் மச்சான் கழுத்தில் பார்சல் லேபல் கட்டி லோக்கலில் ஏற்றிவிட்டான். வரும் வழியில் கிடா பசி தாங்காமல் லேபலைத் தின்றுவிட்டது.

"இது விலாசமில்லாத பார்சல். ஒருத்தருக்கும் குடுக்க ஏலாது," என்றார் மாஸ்டர், கிடாவின் கயிற்றைத் தம் கையில் சுற்றிக்கொண்டு.

"மாஸ்டர், இது எங்க ஆடு லா! கருப்புக் கிடா, பாருங்க!"

"பேராக்கில கறுத்த கிடாய் எத்தினை இருக்கெண்டு உமக்குத் தெரியுமோ? இது உம்முடையதுதான் எண்டதுக்கு என்ன சாட்சி?"

ஆட்டையே சாட்சிக்கு அழைப்போம் என்று, "பா... பா..." என்று கூப்பிட்டேன். கிடா என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு போய் மாஸ்டர் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பூசைக்கு நேரமாகிறது, கமிட்டி முழுக்க என்னை முறைக்கிறது. கடைசியில் என் வீட்டுக்காரி கொண்டையை முடிந்துகொண்டு முன்னால் வந்தாள்.

"ஏன் மாஸ்டர், உங்களுக்கு லேபல்தான வேணும்? அது ஆட்டு வயித்துக்குள்ள பத்திரமா இருக்கு. குடுங்க, அறுத்து எடுத்துக் காட்டுறோம்."

மாஸ்டர் கிடாவின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "விதிப்படி சரிதான்," என்று கயிற்றை அவளிடம் கொடுத்தார். வேடிக்கைக்குச் சொன்னதை ஏற்றுக்கொண்டாரே என்று நாங்கள் சிரித்தோம். மறுநாள் காலையில் பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் முதல் கேள்வி: "லேபல் எங்கே?"

இப்படிப்பட்டவருக்கு ஒரு நாளில் உச்சமான நேரம் எதுவென்றால், காலையில் கோலாலம்பூரிலிருந்து வரும் மெயில் எங்களைக் கடக்கும் நேரம்தான். ஒற்றைத் தண்டவாளப் பாதை அது. ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் போகலாம். அதற்கு அத்தாட்சியாக ஒரு சாவி உண்டு. அதைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் கோத்து, மாஸ்டர் பிளாட்பார ஓரத்தில் தூக்கிப் பிடிப்பார். மெயில் நிற்காமல் வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டு வரும். எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு வளையத்துக்குள் நுழைந்து பறித்துக்கொண்டு போகும். வளையம் கைக்கு வராத வண்டி மேற்கொண்டு ஓடக் கூடாது. அது சட்டம்.

மாஸ்டர் அந்த வளையத்தைப் பிடிப்பது சாமிக்குத் தீபம் காட்டுவது மாதிரியே இருக்கும். வண்டி போன பிறகும் அதன் வாலைப் பார்த்துக்கொண்டே நிற்பார். "ஒருநாளைக்கு இஞ்ச நிக்கும், தம்பி," என்பார். கல்யாணமாகாத பெண்ணைப் பெற்ற தகப்பன் பேசுகிற தோரணையில்.

இந்த நிலையில்தான் அந்தச் செய்தி வந்தது. ஏறி இறங்க ஆள் குறைந்த ஸ்டேஷன்களை மூடப்போகிறார்கள். எங்களுடையதைப் பார்த்து முடிவு செய்ய ஒரு பெரிய அதிகாரி வரப்போகிறார்.

எனக்கு முதலில் மகள் நினைப்புத்தான் வந்தது. என் மகள் அப்போது ஈப்போவில் நாலாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து அந்தப் படிவத்துக்குப் போன முதல் பிள்ளை. காலை லோக்கல்தான் அவளுக்கு வழி. பஸ் பிடிக்க வேண்டுமானால் செம்பனைக் காட்டு வழியே பெரிய ரோட்டுக்கு நடக்க வேண்டும். முதல் பஸ் ஈப்போ போய்ச் சேர்வதற்குள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடம் முடிந்திருக்கும். சொந்தக்காரர்கள் இதற்காகவே காத்திருந்த மாதிரி, "பொம்பளப் புள்ளைக்குப் போதும் லா, பேக்டரிக்கு அனுப்பு," என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

"ரயில் இல்லன்னா என்னா செய்வீங்க? தோள்ல தூக்கிக்கிட்டு ஓடுவீங்களா?" என்றாள் வீட்டுக்காரி.

"முனியாண்டிகிட்ட சொல்லிட்டேன்."

"நல்லது. அந்த ஆபீசர்கிட்டயும் சொல்லுங்க. முனியாண்டிக்கு ரயில்வேல ஆளு இருக்கான்னு தெரியல."

மாஸ்டர் எங்களை எல்லாம் கூப்பிட்டுப் பேசினார். அவர் குரல் இறங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான். "பிள்ளையள் ஏறுற வண்டி இது. அது நிக்காமல் போகக் கூடாது. எல்லாரும் ஒருக்கா வந்து கை குடுங்கோ." ஊரே கோத்தோங் ரோயோங் என்று கூட்டு வேலையில் இறங்கியது. பிளாட்பாரத்தைக் கழுவினோம். பெஞ்சுக்குச் சாயம் அடித்தோம். பார்வைக்கு ஜங்ஷனாகத் தெரியட்டும் என்று சைடிங்கின் லாலானையும் வெட்டினோம். மாடு மட்டும் இடம் மாற மறுத்துவிட்டது.

வரவேற்பு என் பொறுப்பு. செயலாளர் அல்லவா! அதிகாரிக்குப் போடுகிற மாலை சாதாரண மாலையாக இருக்கக் கூடாது, முனியாண்டிக்குச் சாத்தி எடுத்த பிரசாத மாலையாக இருக்க வேண்டும், அதைக் கழுத்தில் வாங்கிய மனிதன் எங்கள் ஸ்டேஷனை மூட மாட்டான் என்று முடிவு செய்தேன். சாமந்தியும் சம்பங்கியும் வைத்துப் பருமனான மாலை. ஈரம் பட்டுத் துவண்டுவிடாமல் இருக்கப் பூக்காரரிடம் சொல்லி ஒரு பிரம்பு வளையத்தின்மேல் சுற்றிக் கட்ட வைத்தேன். இதைப் படிக்கும் உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

அதிகாரி ஜீப்பில் வந்தார். மலாய்க்காரர், அமைதியான முகம். நேராக ஆபீசுக்குள் போய்விட்டார். வெளியே வந்ததும் மாலையைப் போட வேண்டும். நான் பிளாட்பார ஓரத்தில் தயாராக நின்றேன். சாமிக்குச் சாத்திய மாலை இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது. அதனால் வலது கையை நன்றாக உயர்த்தி, வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முனியாண்டி பக்கம் பார்த்துக் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மெயில் வந்தது. மாஸ்டர் தம் இடத்தில் தம் வளையத்தோடு நின்றார். வண்டி வருகிற திசையில், அவருக்கு முன்னால், நான் நின்றேன்.

"தம்பி! விலத்தும்! விலத்தும்!" என்று மாஸ்டர் கத்தியது கேட்டது. வேண்டுதலின் நடுவே கண் திறக்கக் கூடாது என்று நான் திறக்கவில்லை.

சடக்கென்று கை லேசாகிவிட்டது. கண்ணைத் திறந்தேன். என் மாலை எஞ்சினோடு போய்க்கொண்டிருந்தது. சாமந்திப் பூ மழையாகக் கொட்டியது. எனக்கு அப்பால் மாஸ்டர், கையில் சாவி வளையத்தோடு, திறந்த வாய் மூடாமல் நின்றார். எஞ்சின்காரர் தம் கைக்கு வந்ததைப் பார்த்திருக்க வேண்டும். பிரேக் சத்தத்தில் செம்பனைக் காட்டுக் காகமெல்லாம் எழும்பிப் பறந்தது. கோலாலம்பூர் மெயில் எங்கள் பிளாட்பாரத்தில் நின்றது.

எஞ்சின்காரர் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். "மாஸ்டர்! சியாப்பா காவின்?" யாருக்குக் கல்யாணம் என்று கேட்கிறார்!

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அதிகாரி ஆபீஸ் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் போயிற்று, மகள் படிப்பும் போயிற்று, இரண்டையும் என் ஒரு கையாலேயே வழியனுப்பி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் மாஸ்டரைப் பாருங்கள். தொப்பியைச் சரிசெய்தார். கோட்டைக் கீழே இழுத்துவிட்டார். சாவி வளையத்தை எஞ்சின்காரரிடம் முறைப்படி கொடுத்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, வண்டி நெடுக நடந்து, நான் ஒருநாளும் கேட்டிராத குரலில் கூவினார்:

"ஜங்ஷன்! ஜங்ஷன்! இறங்கிறவை இறங்குங்கோ!"

கோழிக்கூடையோடு ஒரு சீனத்து ஆயா முதலில் எட்டிப் பார்த்தார். "வா, இங்க நிக்குதா? நல்லது லா! என் வீடு அங்கதான!" என்று பாதித் தமிழில் சொல்லிக்கொண்டே இறங்கினார். அவர் பின்னால் எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி குடும்பத்தோடு இறங்கினார். அப்புறம் இரண்டு சிப்பாய்கள், ஒரு மலாய் ஆசிரியை, கைக்குழந்தையோடு ஒரு பெண். இத்தனை பேரும் இதுவரை எங்களைத் தாண்டி ஈப்போ போய், அங்கிருந்து அலைந்து திரும்பி வந்துகொண்டிருந்தவர்கள். மாஸ்டர் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் டிக்கெட் வாங்கினார். கிராணிக்கு சலாம் வைத்தார். கோழிகளுக்குக்கூட வழி விட்டார்.

மெயில் போன பிறகு அதிகாரி மலாயில் கேட்டார்: "அந்த வளையத்தை நீட்டியது யார்?"

 வாயைத் திறக்கப் போனேன். மாஸ்டர் என் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"நான்தான், துவான். என்னுடைய பிளாட்பாரத்தில் எவன் கை நீண்டாலும் அது என் கை."

அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்தார். சாயம் இன்னும் காயவில்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அது என் பொறுப்புத்தான், மறந்துவிட்டேன். இருவரும் மெதுவாகப் பேசினார்கள். இறங்கியவர்களை நானும் பார்த்தேன், ஆனாலும் இவ்வளவு சின்ன இடத்துக்கு மாஸ்டர், ஆபீஸ், பார்சல், சாவி என்று எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது என்றார் அதிகாரி. மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"மாஸ்டர் வேண்டாம், துவான். வண்டி மட்டும் நிற்கட்டும். காலையில் பிள்ளைகள் ஏறுகிறார்கள்."

அப்படியேதான் உத்தரவு வந்தது. லோக்கல் இரண்டும் இங்கே நின்று போகும். ஆபீசுக்குப் பூட்டு. மாஸ்டருக்கு ஈப்போவில் பார்சல் பிரிவில் வேலை.

அவர் போன அன்று காலை லோக்கலில் பள்ளிப் பிள்ளைகளோடு தாமும் பயணியாக ஏறினார். நாங்கள் எல்லாரும் வழியனுப்ப வண்டிக்குக் கிட்டே நெருங்கினோம். ஜன்னலிலிருந்து தலை வெளியே வந்தது. "பின்னுக்கு நில்லுங்கோ! எத்தினை தரம் சொல்லுறது!" என்று திட்டினார். திட்டி முடித்ததும் முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். என் மகள் அவருக்கு எதிர் இருக்கையில்தான் இருந்தாள். மாஸ்டர் வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார் என்று மாலையில் வந்து சொன்னாள்.

மகள் ஐந்தாம் படிவம் முடித்தாள். பயிற்சிக் கல்லூரிக்கும் போனாள். இப்போது ஆயர் தாவாரில் ஆசிரியை. என்னை ஊரில் இன்னமும் 'மெயிலுக்கு மாலை போட்டவர்' என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரியே அப்படித்தான் சொல்கிறாள். மாஸ்டர் ஓய்வு பெற்று மகனோடு எங்கோ போய்விட்டதாகக் கேள்வி. எங்கே என்று விசாரித்தேன், தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் நான் ஈப்போவில் கோயிலுக்குப் போய் வீட்டில் எல்லார் பெயருக்கும் அர்ச்சனை செய்வது வழக்கம். முதல் தடவை, வீட்டார் பெயர்கள் முடிந்து மாஸ்டருக்கும் ஒன்று என்றபோது, குருக்கள், "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ," என்றார்.

"நட்சத்திரம் தெரியாது சாமி. பேரும் தெரியாது. ஜங்ஷன் மாஸ்டர்."

குருக்கள் என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பகவான் புரிந்துகொள்வார் என்று நினைத்திருக்க வேண்டும், உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் பல வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வது. அவர் இருக்கிறாரா என்று நான் இப்போது யாரிடமும் விசாரிப்பதில்லை. என் வீட்டார் பெயர்கள் முடிந்ததும், நான் வாயைத் திறக்கும் முன்பே, குருக்கள் தாமாகவே குரலை உயர்த்துகிறார்:

"ஜங்ஷன் மாஸ்டர் நாமதேயஸ்ய..."

நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.